வியாழக்கிழமைத் தலைகள்

“அந்தப் பொண்ணுக்கு வியாழக்கிழமைய குடுத்துட்டேன், யூஜீனியா. தலைவலி விட்டுச்சு.”

கல்லூரி டீன் ஸ்ட்ரிக்லண்ட் இதைச் சொன்னபோது நான் அவருடைய இடது தோளுக்குப் பின்னால் உருளைக்கிழங்கு மசியலோடு நின்றிருந்தேன். பரிமாறுகிறவளுக்குக் காது உண்டு என்பது மில்பர்ன் நகரத்துப் பெரிய வீடுகளில் யாருக்கும் தோன்றியதில்லை.

“வியாழக்கிழமை அங்க ஒரு ஈ காக்கா வராதே?” என்றார் மிஸ் யூஜீனியா, அவருடைய மனைவி.

“அதான் விஷயமே. நாற்காலி குடுக்கலன்னு கோர்ட்டுல இனி எவனும் சொல்ல முடியாது. நாற்காலி இருக்கு. அதுல வந்து உக்கார ஆள் இல்லன்னா அதுக்கு நானா பொறுப்பு?”

“பாவம் அவ.”

“பாவந்தான். ஒஸீ, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து.”

ஊற்றினேன். அந்தப் பெண் என் அத்தை மகள் ஆர்லீதா.

முந்தைய இலையுதிர் காலத்தில்தான் கோர்ட் உத்தரவு போட்டு வெள்ளையர் மட்டுமே படித்த மில்பர்ன் கல்லூரியின் கதவைக் கறுப்பர்களான எங்கள் ஆட்களுக்குத் திறந்துவிட்டிருந்தது. இரண்டு வருடப் படிப்பும் தொழில் படிப்பும் சொல்லித்தரும் மாவட்டக் கல்லூரி. எங்கள் வரிப்பணமும் அதில் இருந்தது. எங்கள் பிள்ளைகள்தான் இல்லாமல் இருந்தார்கள். உள்ளே போன சிலரில் மற்றவர்கள் கணக்கு, சுருக்கெழுத்து என்று சேர்ந்தார்கள். அவர்களைச் சுற்றியிருந்த நாற்காலிகள் காலியாகவே கிடக்கும். பரவாயில்லை, புத்தகத்தைப் படித்துப் பரீட்சை எழுதிவிடலாம். ஆர்லீதா சேர்ந்தது முடி அலங்காரப் பிரிவில். அதைத் தனியாகப் படிக்க முடியாது. இன்னொரு மனுஷியின் தலையில் கை வைத்தாக வேண்டும்.

அவளுக்கு அந்தப் படிப்பு கட்டாயம் வேண்டியிருந்தது. தன் வீட்டுச் சமையலறையில் வருஷக்கணக்காக எங்களுக்கெல்லாம் முடி நேராக்கிக்கொண்டிருந்தவளை ஓர் அதிகாரி வந்து மிரட்டிவிட்டுப் போயிருந்தார். உரிமம் இல்லாமல் இன்னொரு தலையைத் தொட்டால் சிறை என்றார். எங்கள் பெண்களுக்கான அழகுக்கலைப் பள்ளி தூரத்தில், பர்மிங்ஹாமில் இருந்தது. அவள் இடுப்பில் ஒன்று, பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஒன்று என்று இரண்டு குழந்தைகள். பர்மிங்ஹாமுக்கு எங்கே போவாள்?

மாநிலச் சட்டம் இப்படி: உயிருள்ள ஐம்பது தலைகளுக்கு வேலை செய்து, ஒவ்வொன்றையும் ஆசிரியை பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் உரிமப் பரீட்சைக்கே உட்கார விடுவார்கள். மே மாதத்தோடு படிப்பு முடிகிறது. மார்ச் வந்தாயிற்று. ஆர்லீதாவுக்கு ஒரு தலைகூட ஆகவில்லை. கூடப் படித்த பெண்கள் தங்களுக்குள் ஜோடி சேர்ந்து பழகினார்கள். இவளுக்கு ஒரு ரப்பர் தலையைக் கொடுத்து மூலையில் உட்கார வைத்தார்கள். அதற்கு இவள் பெயர்கூட வைத்திருந்தாள்.

“இன்னைக்கும் கவர்னர் பொண்டாட்டிக்குத்தான் தலை சீவி விட்டேன்க்கா,” என்பாள் என்னிடம். “எவ்வளவு இழுத்தாலும் வாயத் தொறக்க மாட்டேங்கறா. நல்ல குடும்பம் போல.”

ஊரார் வந்து குறைந்த கட்டணத்தில் முடி அலங்காரம் செய்துகொள்ளும் பயிற்சி நிலையம் ஒன்று கல்லூரியில் இருந்தது. அதில் எனக்கும் ஒரு நாற்காலி கொடுங்கள் என்று கேட்டாள். கோர்ட்டுக்குப் பயந்து கொடுத்தார்கள். வியாழக்கிழமை.

ஞாயிறு ஆராதனை முடிந்து சபைச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, டீன் சாப்பாட்டு மேசையில் சொன்னதை ஆர்லீதாவிடம் அப்படியே ஒப்பித்தேன். அவள் கையிலிருந்த தட்டைத் தொட்டிக்குள் நழுவவிட்டாள்.

“அப்ப வேணும்னேதான் பண்ணியிருக்காங்க.”

“வேணும்னேதான்.”

“நான் விட்டுடறேன்க்கா. பல்லக் கடிச்சுக்கிட்டு இத்தனை மாசம் போனது போதும்.”

பக்கத்தில் கோழி எலும்புகளை ஒதுக்கிக்கொண்டிருந்த சிஸ்டர் ரோஸெட்டா பெட்வே நிமிர்ந்தார். வங்கித் தலைவர் ஹார்பிசன் வீட்டுச் சமையல் அவர் பொறுப்பு. சபையில் வரவேற்புக் குழுவுக்குத் தலைவி. அவர் கண்ணசைத்தால் பாதிரியாரே உட்கார்ந்துவிடுவார்.

“இரு, இரு. என்ன கிழமைன்னு சொன்ன?”

“வியாழன், சிஸ்டர்.”

“இன்னொரு தடவை சொல்லு.”

“வியாழன்.”

சிஸ்டர் பெட்வே சிரிக்க ஆரம்பித்தார். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தொப்பி சரிய, கண்ணீர் வழியச் சிரித்தார். “அடியே ஒஸீ, வியாழக்கிழமை நீ எங்கடி இருப்ப?”

“வீட்டுல. எனக்கு அன்னைக்கு லீவுதானே.”

“நான்?”

“உங்களுக்கும் லீவு.”

“ஜட்ஜ் வீட்டு டோராவுக்கு? மருந்துக்கடைக்காரர் வீட்டு லெஸ்ஸிக்கு?”

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மில்பர்னில் வேலைக்காரி வைத்திருக்கும் வீடுகளிலெல்லாம் அவளுக்கு வியாழக்கிழமைதான் விடுமுறை. அதனால்தான் அன்றைக்கு வெள்ளைக்கார அம்மாக்கள் முடி அலங்காரத்துக்கு வருவதில்லை. பிள்ளைகளை ஒரு கையிலும் கருகிய சட்டியை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு வீட்டில் நிற்பார்கள். டீன் வீட்டிலேயே வியாழக்கிழமை ராத்திரி தகர டப்பாவைத் திறந்து மத்தி மீன்தான். அன்றைக்கு யாரும் வருவதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஏன் வருவதில்லை என்று அவர் யோசித்ததே இல்லை.

“ஆனா முன்கூட்டியே போன் பண்ணி நேரம் வாங்கணும், சிஸ்டர்,” என்றாள் ஆர்லீதா. “நம்ம பேரச் சொன்னா இடமே இல்லம்பா அந்த முன்மேசைப் பொண்ணு. போன மாசம் எங்கம்மா கேட்டதுக்கே அப்படித்தான் சொன்னா. உள்ள பாத்தா நாற்காலியெல்லாம் காலி.”

சிஸ்டர் பெட்வே தொப்பியை நேராக்கிக்கொண்டார். “மிஸஸ் ஹார்பிசனுக்கு முடி அலங்காரத்துக்கு நேரம் வாங்கிக் குடுக்கறது யாரு?”

“நீங்கதான்.”

“எந்த போன்ல?”

“அவங்க வீட்டு போன்ல.”

“நாளைக்கும் அதே போன்ல பேசறேன். ஒரு வார்த்தை பொய் சொல்ல மாட்டேன். சொன்னா சபைல என்னை முழங்கால் போட வைங்க.”

சொன்னபடியே செய்தார். “ஹார்பிசன் வீட்டுலேருந்து பேசறேன். வியாழக்கிழமை பத்து மணிக்கு ஒரு நேரம் வேணும்.” அவ்வளவுதான். முன்மேசைப் பெண் யாருக்கு என்று கேட்கவே இல்லை. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். அந்தக் குரல் எப்போதும் அம்மாவுக்காகத்தான் கேட்கும். ஜட்ஜ் வீட்டிலிருந்து டோரா பேசினாள். மருந்துக்கடைக்காரர் வீட்டிலிருந்து லெஸ்ஸி பேசினாள்.

“கழுவிச் சுருட்டி விடணுமா?” என்று கேட்டாளாம் அந்தப் பெண் டோராவிடம்.

“கழுவி நேராக்கி விடணும், மிஸ்.”

“நேராக்கியா? அடடே, புது ஸ்டைலா?”

“எங்க பக்கம் ரொம்ப நாளா இருக்கு.”

செவ்வாய்க்கிழமை ராத்திரி டீன் வீட்டுக்குள் நுழையும்போதே சீட்டியடித்துக்கொண்டு வந்தார்.

“யூஜீனியா! வியாழக்கிழமை நம்ம பயிற்சி நிலையத்துக்கு யார் யார் வர்றாங்க தெரியுமா? ஹார்பிசன், ஜட்ஜ் வீட்டம்மா, மருந்துக்கடை அம்மா, ஊர்ல இருக்கற பெரிய வீடு மொத்தமும்! அந்தப் பொண்ணச் சேத்ததால ஊரே நம்மள ஒதுக்கிடும்னு பயந்தேன். நமக்கு ஆதரவு காட்டத்தான் வர்றாங்க. பத்திரிகைல சொல்லி போட்டோ எடுக்க ஆள் வரச் சொல்லிட்டேன்.”

மிஸ் யூஜீனியா முள்கரண்டியைக் கீழே வைத்தார். “என்கிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே.”

“மறந்திருப்பாங்க.”

“ஊரே போகுதாம், டீன் பொண்டாட்டிய மட்டும் மறந்துட்டாங்களாம். ஒஸீ! முதல் வேலையா நாளைக்குக் காலைல போன் பண்ணு. எல்லாருக்கும் முன்னாடி எனக்கு நேரம் வேணும். ஒம்பது மணிக்கு.”

“சரிங்க, மிஸ் யூஜீனியா,” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அந்த வியாழன் காலையில் சபைத் தொப்பிகள் எல்லாம் பெட்டியிலிருந்து வெளியே வந்தன. நாங்கள் கையுறை போட்டுக்கொண்டு, கல்லூரியின் முன்வாசல் படியில், இரண்டிரண்டு பேராக ஏறினோம். எங்கள் ஆட்களுக்கென்று பக்கவாசல் ஒன்று இருந்தது. சிஸ்டர் பெட்வே அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டீன் ஸ்ட்ரிக்லண்ட் கோட்டில் பூச்செருகி வாசலில் நின்றிருந்தார். பக்கத்தில் காமிராவோடு பத்திரிகைக்காரர். டீன் எங்களைப் பார்த்தார், எங்களுக்குப் பின்னால் பார்த்தார், தெருவைப் பார்த்தார்.

“என்ன ரோஸெட்டா இது? மிஸஸ் ஹார்பிசன் எங்க?”

“வீட்டுல இருக்காங்க, சார். இன்னைக்கு வியாழக்கிழமையாச்சே. அவங்கதானே அடுப்படியப் பாக்கணும்.”

பத்திரிகைக்காரர் குபீரென்று சிரித்துவிட்டு இருமுவதுபோல் சமாளித்தார்.

முன்மேசைப் பெண் எழுந்தே விட்டாள். “பத்து மணிக்கு மிஸஸ் ஹார்பிசன்னுல்ல எழுதியிருக்கேன்!”

“நான் அப்படிச் சொல்லலையே, மிஸ். ஹார்பிசன் வீட்டுலேருந்து பேசறேன்னேன். ஒரு நேரம் வேணும்னேன். யாருக்குன்னு நீங்க கேக்கல.”

டீனின் கழுத்து காலருக்கு மேல் சிவந்தது. அவர் உள்ளே போய்க் கையைத் தட்டினார். “பயிற்சி நிலையம் இன்னைக்கு மூடியாச்சு! எல்லாரும் கிளம்புங்க. பொண்ணுங்களா, விளக்க அணைங்க.”

“ஹார்லன்!”

அறையின் கடைசியில், வரிசையாக நின்ற முடி உலர்த்தும் டிரையர்களில் ஒன்றின் குடை மேலே எழுந்தது. அதற்கு அடியில் மிஸ் யூஜீனியா. தலை முழுக்க சுருட்டுக் குழல், பாதி ஈரம், காது இரண்டும் சிவப்பு.

“விளக்க அணைக்கச் சொன்னது யாரு?”

“யூஜீனியா, கொஞ்சம் நிலைமையப் புரிஞ்சுக்கோ...”

“என் தலைல இருக்கற குழலப் புரிஞ்சுக்கோ முதல்ல நீ. இப்படியே நான் தெருவுல நடந்து போகணுமா? அந்த ஆள் காமிராவோட நிக்கறார் பாரு!”

“ஒரு அஞ்சு நிமிஷத்துல அவங்களே எடுத்து விட்டுடுவாங்க...”

“ஈரமா இருக்கு, ஹார்லன். காயணும். எனக்குக் காயற வரைக்கும் இந்த இடம் திறந்துதான் இருக்கும்.” குடையைத் தானே கீழே இழுத்துக்கொண்டார். அப்புறம் அவருக்கு எதுவும் கேட்டிருக்காது. ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இருந்தார்.

அம்மாவுக்குத் திறந்த இடத்தை எங்களுக்கு மட்டும் எப்படி மூடுவது? அதுவும் காமிராவுக்கு முன்னால், கோர்ட் உத்தரவு இன்னும் சூடாக இருக்கும்போது. டீன் பூவைக் கோட்டிலிருந்து பிடுங்கினார். “மிஸஸ் டிட்வெல், நீங்களே பாத்துக்குங்க,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மிஸஸ் டிட்வெல்தான் ஆசிரியை. மெலிந்த, நரைத்த, கஞ்சி போட்ட உடுப்புக்குள் கம்பி மாதிரி நிற்கும் பெண். எங்களுக்கு நல்லவரா கெட்டவரா என்று ஆர்லீதாவாலேயே அதுவரை சொல்ல முடிந்ததில்லை. “அவங்களுக்கு வகிடு நேரா இருக்கணும், அவ்வளவுதான்க்கா. வேற எதுலயும் அக்கறை இல்ல,” என்பாள். அவர் முன்மேசைக்குப் போய்ப் பேனாவை எடுத்தார்.

“உங்க பேரு?”

“ரோஸெட்டா.”

“முழுப் பேரு.”

“மிஸஸ் ரோஸெட்டா பெட்வே.”

முன்மேசைப் பெண் குனிந்து கிசுகிசுத்தாள். “இவங்களையெல்லாம் நாம மிஸஸ் போட்டு...”

“வாடிக்கையாளர் சொன்னதை எழுதறதுதான் இங்க வழக்கம். எழுது.”

ஆர்லீதா சிஸ்டர் பெட்வேயின் தலையைக் கழுவித் துவட்டி, எண்ணெய் தொட்டு, சின்ன அடுப்பில் சூட்டுச் சீப்பை வைத்தாள். காகிதத்தில் ஒற்றிப் பார்த்தாள், கருகுகிறதா என்று. பிறகு பிடி பிடியாகப் பிரித்து இழுக்க ஆரம்பித்தாள். அந்த அறைக்கு அந்த வாசனை புதிது. எனக்கோ அது ஆர்லீதா சமையலறையின் சனிக்கிழமை ராத்திரி வாசனை. வெள்ளைக்காரப் பெண்கள் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மூன்று நான்கு பேர் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். ஒருத்தி மட்டும், வாண்டா என்று பெயர், பருத்தி ஆலைக் குடியிருப்பிலிருந்து வருகிறவள், முன்னால் வந்தாள்.

“மேடம், எனக்கு அம்பதுல இன்னும் பாதித் தலை பாக்கி இருக்கு. வியாழக்கிழமை பூரா சும்மா உக்காந்துட்டுத்தான் போறேன். நானும் செய்யலாமா?”

“அவங்களக் கேளு.”

வாண்டா என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கழுத்தெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது. “நான்... உங்க தலையத் தொடலாமா?”

“தொடாம எப்படிம்மா கழுவுவ?” என்றேன்.

ஆர்லீதா தன் வேலையை முடித்தாள். சிஸ்டர் பெட்வேயின் முடி கறுப்புப் பட்டுபோல் தோளில் விழுந்தது. மிஸஸ் டிட்வெல் வந்து நின்றார். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“என்னால கையெழுத்துப் போட முடியாது, ஆர்லீதா.”

என் தலையில் வாண்டாவின் கை நின்றது. காமிராக்காரர் காமிராவை இறக்கினார்.

“ஏன் மேடம்?”

“இந்த வேலை எனக்குத் தெரியாது. தெரியாத வேலைக்கு நான் இதுவரைக்கும் கையெழுத்துப் போட்டதில்ல. உனக்காக ஆரம்பிக்கவும் மாட்டேன்.”

இத்தனை தூரம் வந்து இந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றோம். தலைகள் வந்து என்ன பயன்? அவர் கையெழுத்து இல்லாவிட்டால் அவை தலைகளே இல்லை. ஆர்லீதா அழுவாள் என்று நினைத்தேன். அவள் சீப்பை அடுப்பின் மேல் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“வகிடு கோணியிருந்தா உங்களுக்குத் தெரியுமா மேடம்?”

“தெரியாம?”

“முடி கருகியிருந்தா?”

“மூக்கே சொல்லிடும்.”

“தலைத்தோல்ல சூடு பட்டிருந்தா?”

“பாத்தா தெரியும்.”

“அதையெல்லாம் பாருங்க. மீதிய இவங்க சொல்லுவாங்க. இவங்க தலைதானே.”

“கேளுங்க, கேளுங்க,” என்றார் சிஸ்டர் பெட்வே நாற்காலியிலிருந்தபடியே. “பொறந்ததுலேருந்து இந்தத் தலையோடதான் இருக்கேன்.”

மிஸஸ் டிட்வெல் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். சீப்பின் வாலால் முடியைப் பிரித்தார். நெற்றியோரம், உச்சி, காதின் பின்புறம். குனிந்து முகர்ந்தார்.

“காது மடல்ல சூடு பட்டுச்சா?”

“இல்ல. என் சொந்த அக்கா சுட்டிருக்கா. இவ சுடல.”

“இழுக்கும்போது வலிச்சுதா?”

“தூக்கம் வந்துச்சு.”

மிஸஸ் டிட்வெல் இன்னும் குனிந்தார். பிடரிக்கு மேல் விரலை வைத்தார். “இங்க வா, ஆர்லீதா. இது என்ன?”

ஆர்லீதா தொட்டுப் பார்த்தாள். உள்ளே, கழுத்தோரம், ஒரு பிடி முடி சுருட்டையாகவே இருந்தது. அவசரத்தில் விட்டுவிட்டிருந்தாள்.

“மேல மட்டும் பளபளன்னு இருந்தா போதுமா? வாடிக்கையாளர் கைய உள்ள விட்டுப் பாக்க மாட்டாங்களா? இதுக்கா இத்தனை மாசம் படிச்ச? அரைகுறை வேலைய என் முன்னாடி கொண்டு வந்து வைக்காத. அடிலேருந்து மறுபடி செய்.”

சபைப் பெண்கள் முகம் இறுகியது. டோரா என் கையைப் பிடித்தாள். ஆனால் நான் ஆர்லீதாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் விளக்கு வைத்தாற்போல் மலர்ந்துவிட்டது. அந்தக் கல்லூரியில் கால் வைத்த நாளிலிருந்து அவள் செய்த எதையும் யாரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை, மோசம் என்றும் சொன்னதில்லை. அவள் கைவேலையை ஒருவர் குனிந்து பார்த்துத் திட்டியது அன்றைக்குத்தான்.

“சரி மேடம்!” என்றாள். “இதோ மேடம்!”

மறுபடி செய்தாள். மிஸஸ் டிட்வெல் மறுபடி பார்த்தார், விரலை உள்ளே விட்டுத் துழாவினார். பிறகு அட்டையை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். காமிரா பளிச்சென்றது. சிஸ்டர் பெட்வே கண்ணாடியில் தன்னைப் பார்த்து, “அல்லேலூயா! அடுத்தவ வா!” என்றார்.

என் தலையில் வாண்டா செய்த வேலை சகிக்கவில்லை. ஆர்லீதா வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து, “சீப்போட முதுகு அழுத்தணும், பல்லு இல்ல,” என்று காட்டிக்கொடுத்தாள். மிஸஸ் டிட்வெல்லும் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். கடைசியில், “அந்தச் சீப்பை இப்படிக் குடு பாக்கலாம்,” என்று கையை நீட்டினார்.

மறுநாள் காலை டீன் வீட்டில் முட்டை பரிமாறினேன். டீன் தலை நிமிரவில்லை.

“ஒஸீ, உன் முடி அழகா இருக்கே,” என்றார் மிஸ் யூஜீனியா. “யாரு பண்ணினது?”

“உங்க காலேஜுதாங்க.”

டீனின் கரண்டி தட்டில் விழுந்தது. “யூஜீனியா, இவள இன்னும் வீட்டுல வச்சிருக்கணுமான்னு நாம யோசிக்கணும்.”

“யோசி. ஞாயித்துக்கிழமை கல்லூரி நிர்வாகக் குழுவுலேருந்து எத்தனை பேர் சாப்பிட வர்றாங்கன்னும் யோசி. அவங்களுக்கு நீ சமைப்பியா?”

டீன் முட்டையைச் சாப்பிட்டார்.

ஒரு வீட்டில் மட்டும் இப்படி முடியவில்லை. லெஸ்ஸியை மருந்துக்கடைக்காரர் வீட்டில் நிறுத்தினார்கள். அந்த வாரமே ஜட்ஜின் தங்கை வீட்டில் கூடுதல் சம்பளத்துக்குச் சேர்ந்தாள். சமைக்கத் தெரிந்தவளை அந்த ஊரில் யாரும் ரொம்ப நாள் தெருவில் விட்டு வைத்ததில்லை. அடுத்த வியாழனும் நாங்கள் போனோம். அதற்கடுத்ததும். ஆர்லீதாவைத் திங்கட்கிழமைக்கு மாற்றச் சொல்லி டீன் ஆளனுப்பினார். “என் மாணவிகளுக்குத் தலை வேணும். தலை வர்ற நாளை மாத்த முடியாது,” என்று மிஸஸ் டிட்வெல் திருப்பி அனுப்பினார். வெளியேறிய பெண்களில் இருவர் தலை குறைகிறது என்று திரும்பி வந்தார்கள். ஏப்ரல் முடிவதற்குள் எங்கள் வரிசை படி வரைக்கும் நின்றது. பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்தார்கள்.

ஐம்பதையும் தாண்டித்தான் ஆர்லீதா பரீட்சைக்கு மாநிலத் தலைநகர் மாண்ட்கமரி போனாள். பெரிய கூடத்தில், கண்ணாடி போட்ட மூன்று அதிகாரிகளுக்கு முன்னால் செய்து காட்ட வேண்டும். முடிவைச் சாயங்காலமே சொல்லிவிடுவார்கள் என்றார்கள். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் பயிற்சி நிலையத்தில்தான் இருந்தோம். ஒருத்திக்குத் தலை ஈரம், ஒருத்திக்குப் பாதி நேராக்கியிருந்தது, டோரா டிரையருக்கு அடியில். போன் அடித்ததும் மிஸஸ் டிட்வெல் முன்மேசைப் பெண்ணைத் தள்ளிவிட்டு எடுத்தார்.

“சொல்லு... ம்... ம்... வகிடு பத்தி என்ன சொன்னாங்க?... அதை விடு, முடிவு என்ன?” அவர் வாய் கோணியது. கண்ணாடியைக் கழற்றினார். போனை எங்கள் பக்கமாக நீட்டினார்.

நாங்கள் ஈரத்தலையோடு ஓடி மேசையைச் சூழ்ந்தோம். வாண்டா சூட்டுச் சீப்பைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடி வந்தாள்.

“யாரு அங்க?” என்றது ஆர்லீதாவின் குரல், தூரத்தில், இரைச்சலுக்கு நடுவில்.

“எல்லாரும் இருக்கோம்டி!” என்று கத்தினார் சிஸ்டர் பெட்வே. “என்ன ஆச்சு, சொல்லித் தொலை!”

“தேறிட்டேன்!”

“கேக்கல!” என்று பொய் சொன்னார் சிஸ்டர் பெட்வே. எங்கள் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டிருந்தது. “இன்னொரு தடவை சொல்லு!”

“தேறிட்டேன், சிஸ்டர்!”

“இந்தப் பக்கம் கேக்கலயாம்! இன்னும் சத்தமா!”

“தேறிட்டேன்!” என்று மாண்ட்கமரித் தெரு போன் பூத்தில் நின்று கத்தினாள் ஆர்லீதா. “தேறிட்டேன்!”